சென்னையில் ஏழை மக்களின் குடியிருப்பும் சிறுவணிகமும்

சென்னையில் குறைந்த வருவாய் உள்ளோருக்கான குடியிருப்புத் திட்டங்களின் வரலாறு, அவர்களுடைய பிழைப்பின் வரலாற்றோடு பிணைந்தது. ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டவர்கள் சந்தை, துறைமுகம், கட்டட வேலை, வீட்டு வேலை என அருகில் கிடைத்த தொழிலை நம்பியே அங்கு குடியேறினர். ஆகவே, ஒரு வீடு அவர்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதை வாடகையோ தவணையோ மட்டும் தீர்மானிப்பதில்லை. அங்கிருந்து சம்பாதிக்க முடியுமா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இருந்த இடத்திலேயே வீடு

மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. குடிசைப் பகுதிகள் தொடர்பான சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. அக்காலக் கணக்கெடுப்பின்படி நகரில் 1,202 குடிசைப் பகுதிகள் இருந்தன. குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டுவது வாரியத்தின் தொடக்ககால நோக்கமாக இருந்தது. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் கட்டப்பட்ட குடியிருப்புகளால் மீனவர்கள் கடலைவிட்டு விலக நேரவில்லை. பெண்கள் வீட்டருகிலேயே மீன் விற்க முடிந்தது. ஆயினும் இவ்வகை வீடுகளைக் கட்ட அதிகச் செலவானதால், எல்லாக் குடும்பங்களுக்கும் விரைவில் வீடு கொடுக்க இயலவில்லை.

மனையும் கடையும்

உலக வங்கியின் கடனுதவியுடன் 1977இல் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் குடிநீர், கழிவுநீர், சாலை வசதிகளுடன் மனைகள் பிரிக்கப்பட்டன. சிறிய மனை பெற்றவர்கள் தவணையில் பணம் செலுத்தி, வசதிக்கேற்ப வீட்டைச் சிறிது சிறிதாகக் கட்டிக்கொண்டனர். பெரிய மனைகளும் வணிக மனைகளும் சந்தை விலைக்கு விற்கப்பட்டன. அதில் கிடைத்த ஆதாயம் சிறிய மனைகளின் விலையைக் குறைக்க உதவியது. சிறுதொழில்களுக்கும் குடிசைத் தொழில்களுக்கும் உதவுவது இத்திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. வீட்டையும் தொழிலையும் ஒரே திட்டத்தில் சேர்த்துப் பார்த்தது இதன் சிறப்பாகும்.

தொலைவில் குடியேற்றம்

நகருக்குள் நிலத்தின் விலை உயர்ந்தபின் நிலைமை மாறியது. 2000ஆம் ஆண்டு முதல் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கும் அனுப்பப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. வீட்டுக்கான தவணை குறைவு. ஆனால் வேலைக்குப் போய்வரும் பேருந்துச் செலவும் நேரமும் கூடின. வீட்டு வேலை செய்த பெண்கள் பலர் வேலையை இழந்தனர்.

சிறுவியாபாரிகளின் இழப்பு வேறு வகையானது. தெருவோரம் இட்லி, பூ, காய்கறி விற்பவருக்கு முதலீடு குறைவு. பல ஆண்டுகளாக வாங்கிப் பழகிய வாடிக்கையாளர்களே அவருடைய உண்மையான மூலதனம். இடம் மாறும்போது அவர்களை உடன் கொண்டுசெல்ல முடியாது. பெரும்பாக்கம் போன்ற எட்டு அடுக்குக் கட்டடங்களில் மேல்தளத்தில் வீடு கிடைத்தவர் வாசலில் பெட்டிக்கடை வைப்பதும் கடினம். அக்கம்பக்கத்தினர் எல்லோரும் வருமானம் இழந்து நிற்கும்போது வியாபாரமும் மந்தமாகவே இருக்கும்.

சட்டமும் இன்றைய நிலையும்

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை வியாபாரிகளை அகற்றக்கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஆனால் இச்சட்டம் தெருவில் உள்ள கடையைக் காக்கிறதே தவிர, கடைக்காரரின் வீடு 20 கிலோமீட்டருக்கு அப்பால் மாற்றப்படுவதைத் தடுப்பதில்லை.

குடிசை மாற்று வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்டது. பழுதடைந்த பழைய குடியிருப்புகளை இடித்து, அதே இடத்தில் மீண்டும் கட்டும் பணிகளும் நடைபெறுகின்றன. நொச்சிக்குப்பத்தில் 2024இல் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. குடியிருப்பு அதே கரையில் நிலைத்திருந்ததால்தான் அந்த அங்காடிக்கு விற்பவர்களும் இருந்தனர், வாங்குபவர்களும் இருந்தனர்.