நிற்கிற வண்டிக்கும் ஒரு சட்டம்

போன மாதம் எங்கள் பில்டிங் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஓடாத வண்டிகளைப் பதினைந்து நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டுமாம். நெருளில் பார்க்கிங் இடத்துக்கு இருக்கிற தட்டுப்பாடு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் அந்தப் பட்டியலில் மூன்றாவதாக இருந்த நம்பர் டி.என்.72 என்று ஆரம்பித்தது. ஆமாம், நம்ம வண்டிதான். அப்பாவின் சேத்தக்.

1991ல் பாளையங்கோட்டையில் இருந்தபோது அப்பா வாங்கியது. ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, அப்புறம் கிக்கரை உதைத்தால்தான் கிளம்பும் ஜாதி. 2014ல் அப்பா போன பிறகு ஊர் வீட்டைக் காலி செய்தபோது, விற்க மனசில்லாமல் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, ரயில் பார்சலில் இங்கே கொண்டுவந்தேன். ரிப்பேர் பண்ணி ஓட்டலாம் என்றுதான் நினைப்பு. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நினைப்பு அப்படியே இருக்கிறது. வண்டிதான் கடற்கழிக் காற்றில் துரு ஏறி நிற்கிறது.

செக்ரட்டரியிடம் போய் நின்றேன். நல்ல மனுஷர். "பாய்சாப், இடத்தை விடுங்க. ஆர்.சி. முடிஞ்ச வண்டியை வச்சிருக்கிறதே குற்றம், தெரியுமா?" என்றார். தெரியாது. ஆனால் அப்படி ஒருவர் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது. தோண்டிப் பார்த்தேன். தோண்டத் தோண்ட, நிற்கிற வண்டிக்கு இந்த நாட்டில் ஒரு நூறு வருஷச் சரித்திரமே இருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் ஒரு விஷயம். பதிவு வேறு, வரி வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பதிவுதான் மூத்தது. இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914ல் வந்தது. தெருவில் போகிற வண்டி யாருடையது என்று தெரிய வேண்டும், இடித்துவிட்டுப் போனால் பிடிக்க வேண்டும். நம்பர் பிளேட்டின் வேலை அவ்வளவுதான். வீட்டுக் கொட்டகையில் நிற்கிற வண்டி யாரையும் இடிக்காது. ஆகவே அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

கவலை வந்தது சாலைக்குக் காசு தேவைப்பட்டபோது. 1927ல் அரசாங்கம் ஒரு சாலைக் கமிட்டி போட்டது. தலைவர் நம்ம பம்பாய் பாரிஸ்டர் எம்.ஆர். ஜயகர். சாலையைத் தேய்ப்பவர்கள் மோட்டார்க்காரர்கள், ஆகவே அவர்கள் பெட்ரோல் மீதும் வண்டி மீதும் வரி கட்டட்டும் என்பதுதான் அவர்கள் 1928ல் கொடுத்த அறிக்கையின் சாரம். சென்னை மாகாணம் 1931ல் வாகன வரிச் சட்டம் கொண்டுவந்தது. பம்பாய் மாகாணம் 1935ல். ஆக இது சொத்து வரி இல்லை. வண்டி வைத்திருப்பதற்காக இல்லை, சாலையில் ஓடுவதற்காக.

சரி, ஒருத்தன் வண்டியை ஓட்டவே இல்லை என்றால்? 'ஓட்டவில்லை ஐயா' என்று எல்லோரும் சொல்லிவிடுவார்களே? இங்கேதான் சட்டம் எழுதியவர்கள் கெட்டிக்காரத்தனம் காட்டினார்கள். இன்றும் மகாராஷ்டிரத்தில் அமலில் இருக்கிற 1958ம் வருஷத்து பம்பாய் வாகன வரிச் சட்டத்தைப் பாருங்கள். மாநிலத்தில் 'பயன்படுத்தப்படுகிற, அல்லது பயன்பாட்டுக்காக வைத்திருக்கப்படுகிற' வண்டிக்கு வரி. அதோடு நிற்கவில்லை. ஆர்.சி. உயிரோடு இருந்தால், அந்த வண்டி பயன்பாட்டில் இருப்பதாகவே கருதப்படும். இல்லை, நிறுத்திவைத்திருக்கிறேன் என்றால், முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்பதையும் சேர்த்து. அதிகாரி ஒப்புக்கொண்டு சான்று கொடுத்தால் அந்தக் காலத்துக்கு வரி இல்லை.

கவனித்தீர்களா? ஓடுகிற வண்டிக்காரன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நிற்கிற வண்டிக்காரன்தான் 'என் வண்டி நிற்கிறது' என்று போய்ச் சொல்ல வேண்டும். சும்மா இருந்தால், ஓடுகிறது என்று அர்த்தம். லாரியும் பஸ்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இது இன்றைக்கும் அத்துப்படி. செட்டில் நிற்கிற மாதத்துக்கு வரியை மிச்சம் பிடிக்க, மறக்காமல் படிவம் கொடுப்பார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் வரி கட்டாதவர்கள் எல்லோரும் 'வண்டி வீட்டில் நிற்கிறது' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். 1998ல் 'சோர்ன்' என்று ஒரு அறிவிப்பு முறை வந்தது. ஒன்று வரி கட்டு, இல்லை நிற்கிறது என்று அறிவி. 2011க்குப் பிறகு இன்ஷூரன்ஸுக்கும் அதே கதை. கலிபோர்னியாவில் இருக்கும் நண்பர்களுக்கு 'பிளான்ட் நான் ஆபரேஷன்' என்றால் உடனே புரியும். அங்கெல்லாம் அது சாதாரண ஆள் தன் காருக்குச் செய்கிற வேலை. நம்ம ஊரில் டூவீலர்காரர்களுக்கு ஏன் இது தெரியவே இல்லை? வண்டி வாங்கும்போதே மொத்த வரியையும் ஒரே தடவையாக வாங்கிக்கொள்ளும் முறை வந்துவிட்டதால்தான். அப்புறம் நின்றால் என்ன, ஓடினால் என்ன?

வரிக்காரர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் கோர்ட்டில் நடந்த சண்டையும் சுவாரசியமானது. 1974ல் ஒரிஸ்ஸாவின் போலானி சுரங்க வழக்கு. சுரங்கத்துக்குள்ளேயே ஓடுகிற டம்பர்களுக்குச் சாலை வரி உண்டா? வளாகத்துக்குள் மட்டும் ஓடுகிற வரை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். அதே கேள்வி ஐம்பது வருஷம் கழித்துத் திரும்ப வந்தது. விசாகப்பட்டினம் உருக்காலையின் சுற்றுச்சுவருக்குள் ஓடிய 36 வண்டிகளுக்கு ஆந்திர அரசு வரி கேட்டது. 2025 ஆகஸ்ட் 29ல் உச்ச நீதிமன்றம் வண்டிக்காரர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. பொது இடத்தைப் பயன்படுத்தாத, பயன்படுத்துவதற்காக வைத்திருக்காத வண்டிக்கு வரிச்சுமை ஏற்ற முடியாது என்று. ஜயகர் கமிட்டி சொன்ன அதே நியாயம்தான். சாலையைத் தேய்க்காதவன் சாலைக்கு ஏன் கட்ட வேண்டும்?

இப்போது செக்ரட்டரி சொன்ன 'குற்றம்' விஷயத்துக்கு வருவோம். 1989 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற 1988ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 39வது பிரிவு, பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது, ஓட்ட விடக்கூடாது என்கிறது. 'வைத்திருக்கக்கூடாது' என்று அதில் இல்லை. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். அப்பா 2006ல் ஒருமுறை புதுப்பித்தார். 2011ல் முடிந்துவிட்டது. முடிந்த பிறகு தெருவில் இறக்கினால் குற்றம். பில்டிங் கேட்டுக்கு உள்ளே நிறுத்தியிருப்பது இந்தப் பிரிவில் குற்றமாகாது. (சொசைட்டியின் பார்க்கிங் விதி வேறு. அதில் செக்ரட்டரி சொல்வதுதான் சட்டம்.)

தில்லிக்காரர்கள் பாடு கஷ்டம். பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் என்று அங்கே தனிக் கட்டுப்பாடு வந்து, தெருவில் நின்ற வண்டிகளையே அள்ளிக்கொண்டு போனார்கள். 2023ல் தில்லி உயர் நீதிமன்றம், இனிமேல் பொது இடத்தில் நிறுத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வண்டியை விட்டுவிடலாம் என்றது. அங்கேயும் பாருங்கள், கேள்வி 'எங்கே நிற்கிறது' என்பதுதான்.

இதுவரை படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் வெளியூரில் பிழைக்க வந்தவனுக்கென்று சட்டம் ஒரு முடிச்சு வைத்திருக்கிறது. 47வது பிரிவு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் 'வைத்திருக்கப்பட்டால்' புது நம்பருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓட்டினால் என்று சொல்லவில்லை. வைத்திருந்தால். வரிச் சட்டத்தில் இருக்கிற 'பயன்பாட்டுக்காக' என்ற வார்த்தை இங்கே இல்லை. துருப்பிடித்து நின்றாலும் சேத்தக் நெருளுக்குக் குடிவந்துவிட்டதாகத்தான் கணக்கு. ஓட்ட வேண்டுமென்றால் முதலில் திருநெல்வேலியில் என்.ஓ.சி. வாங்கி, அப்புறம் எம்.எச்.43க்கு மாற்றி, இங்கே வரி கட்ட வேண்டும். அதற்கும் முன்னால் அப்பா பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்ற வேண்டும். உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். நான் அப்போது எந்த நினைப்பில் இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

செலவும் லேசில்லை. 2022 ஏப்ரல் முதல் பழைய டூவீலரைப் புதுப்பிக்க 300 ரூபாய் இருந்தது 1,000 ஆனது. காருக்கு 600லிருந்து 5,000. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் டூவீலருக்கு 300 தனி. 2025ல் இருபது வருஷம் தாண்டிய டூவீலருக்குக் கட்டணம் 2,000 ஆகிவிட்டது. ஐம்பது வருஷமானால் 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு உண்டு, 2021 முதல். சேத்தக்குக்கு 2041ல் அந்த யோகம். அதுவரை செக்ரட்டரி பொறுப்பாரா தெரியவில்லை.

இன்னொரு வழி 55வது பிரிவு. வண்டி இனி நிரந்தரமாக உபயோகப்படாது என்றால், உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யைக் கொடுத்துவிட வேண்டும். அரசு அங்கீகரித்த மையத்தில் ஸ்கிராப் செய்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள், புது வண்டி வாங்கும்போது வரியில் சலுகை. அதுதான் புத்திசாலித்தனம் என்று வீட்டிலும் சொல்கிறார்கள்.

அம்மாவிடம் போனில் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏல, ஓடாதுன்னு நீயா எழுதிக் கொடுக்கணுமாக்கும்? ஒரு மெக்கானிக்கு கிட்ட காட்டினியா?" என்றாள்.

காட்டவில்லை. பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட. நூறு வருஷச் சட்டம் முழுக்கக் கேட்பது இந்த ஒன்றைத்தான். ஓட்டப்போகிறாயா, இல்லையா, வந்து சொல்லு. வாயே திறக்காமல் இருந்தது நான்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை துர்பேயிலிருந்து மெக்கானிக் வருகிறார். இன்ஜின் பிழைக்கும் என்றால் திருநெல்வேலிக்கு என்.ஓ.சி. வாங்கப் போகிறேன். இல்லையென்றால் 55தான். எதுவானாலும் இந்தத் தடவை எழுதிக் கொடுத்துவிடுவேன்.

பி.கு.: உங்கள் வீட்டிலும் ஒரு வண்டி நிற்கிறதா? முதலில் ஆர்.சி. யார் பெயரில், எந்தத் தேதி வரை என்று பாருங்கள். அது அப்பா பெயரில் இருந்தால், தள்ளிப் போடாதீர்கள்.