கார்டிசோன் கொடுத்த குஷி

முடக்குவாதத்துக்கு ஆஸ்பிரினையும் தங்க ஊசியையும் விட்டால் பெரிதாக எதுவும் இல்லாத காலம். 1948 செப்டம்பர் 21 அன்று, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஃபிலிப் ஹெஞ்ச் குழுவினர் ஒரு புது ஊசி போட ஆரம்பித்தார்கள். பின்னால் கார்டிசோன் என்று பெயர் வாங்கிய மருந்து அது. மூட்டு அழற்சி அடங்கி, நடக்கவே திணறியவர் ஒரே வாரத்தில் கடைவீதிக்குப் போய் வந்துவிட்டார்! 1950-லேயே நோபல் பரிசு.

கூடவே இன்னொன்றும் வந்தது. சிலருக்கு அளவுமீறிய உற்சாகம், ராத்திரி தூக்கமே கிடையாது. சிலர் சோர்ந்துபோனார்கள்; சிலருக்குப் புத்தியே பேதலித்தது. வருஷக்கணக்கான வலி போனால் யாருக்குத்தான் குஷி வராது? எது நிம்மதி, எது மருந்தின் வேலை என்று பிரிப்பது லேசில்லை.

இதே வகையைச் சேர்ந்த பிரெட்னிசோனை வைத்து 1972-ல் வந்த பாஸ்டன் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. தினம் 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல். 80-ஐத் தாண்டியவர்களில் 18.4. டோஸ் ஏற ஏற மனசும் ஆட்டம் காணுதுங்க.

ஹாலிவுட் முந்திக்கொண்டது. 1956-ல் வந்த 'பிக்கர் தேன் லைஃப்' படத்தில், கார்டிசோன் சாப்பிடும் பள்ளி ஆசிரியர் தன்னை மகா மேதையாக நினைத்து, பெற்ற மகனையே கொல்லத் துணிகிறார். மருந்தை விடவும் முடியாது. விட்டால் ரத்தக்குழாய் அழற்சி அவரைக் கொன்றுவிடும்.