கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்

கொழும்புச் செட்டியார் தெருவில் இன்று நகைக்கடைகள்தான் கண்ணில் படும். என் தகப்பனார் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதிய 1940களில் அந்தத் தெருவில் விலைபோன சரக்கு பணம். செட்டிநாட்டிலிருந்து மூன்றாண்டுத் தவணையில் வந்த நகரத்தார் முகவர்கள் கிட்டங்கிகளில் பாய் விரித்து, சிறு மரப்பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து கடன் கொடுத்தார்கள். கடைக்காரருக்கும் கொடுத்தார்கள், தென்னந்தோட்டக்காரருக்கும் கொடுத்தார்கள். வெள்ளைக்கார வங்கிகள் உள்ளூர் ஆட்களைப் படியேற விடாத காலத்தில் வளர்ந்த தொழில் அது. வங்கி செட்டியாருக்குக் கொடுக்கும், செட்டியார் ஊருக்குக் கொடுப்பார். இரண்டுக்கும் நடுவில் இருந்த வட்டி வித்தியாசத்தில்தான் அந்தத் தெரு வாழ்ந்தது. ஆடி மாதம் கதிரேசன் கோயிலிலிருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வேல் போகிறதே, அதன் செலவுக்கும் அந்தக் கணக்கில் மகமை என்று தனிப்பற்று உண்டு.

மாதக் கடைசியில் அப்பா கடைப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டங்கிக்குப் போவார். முகவர் பேரேட்டைத் திறப்பார். ஒருவர் வாசிக்க, மற்றவர் தன் பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டே வருவார். எடுத்த தேதி, தொகை, வட்டி வீதம், கட்டிய தேதி, மிச்சம். ஓரிடத்தில் இடித்தால் அங்கேயே நிற்பார்கள், சிட்டையைப் புரட்டிப் பார்ப்பார்கள், ஒத்துவந்த பிறகுதான் அடுத்த வரி. “வாசிச்சு முடிய முன்னம் காசு கைமாறாது” என்று அப்பா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதைச் சொல்வதால் அந்தத் தொழில் சுத்தமானது என்று ஆகிவிடாது. வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கு வரும்போது தொகையை நிரப்பும் பழக்கம் இந்த நாட்டில் கடன் கொடுத்தவர்களிடையே பரவலாக இருந்தது. நூறு வாங்கியவன் நோட்டில் இருநூறு இருக்கும். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள், நோட்டு முழுத்தொகைக்கும் நிற்கும். 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் இதைத் தடுக்கத்தான் வந்தது. உண்மையில் கைமாறிய முதல் எவ்வளவு, முன்கூட்டியே பிடித்த வட்டி எவ்வளவு, ஆண்டு வட்டி வீதம் என்ன என்ற மூன்றையும் நோட்டிலேயே தனித்தனியாக எழுத வேண்டும் என்று அது சொன்னது. வெற்று நோட்டு வாங்குவதைக் குற்றமாக்கியது. கடன் கொடுப்பவன் ஒழுங்காகக் கணக்கு வைக்க வேண்டும் என்றது. கொடுமையான கடனாக இருந்தால் நீதிமன்றம் பழைய கணக்கைத் திறந்து பார்த்து மிகைவட்டியைத் தள்ளலாம். கடன்காரனுக்கு இந்த நாட்டில் கிடைத்த சட்டங்களிலே நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். நோட்டில் அந்த மூன்று எண்கள் இல்லை என்பதைக் காட்டியே புதுக்கடை நீதிமன்றங்களில் கடன்காரர்கள் எதிர்வாதம் வைக்க முடிந்தது.

அடுத்த அடி சந்தையிலிருந்து வந்தது. 1925இல் சில செட்டியார் நிறுவனங்கள் முறிந்தன. வங்கிகள் பயந்து, அவர்களுக்குக் கொடுத்த கடனைச் சுருக்கிக்கொண்டன. பிறகு உலக மந்தம். இறப்பர் விலையும் தேங்காய் விலையும் சரிந்தன. ஈட்டில் இருந்த தோட்டங்கள் கை மாறின, கோபம் செட்டியார் பக்கம் திரும்பியது. 1931இல் அரச ஈட்டு வங்கி வந்தது. 1934இல் சர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமர்ந்தது. அதன் பலனாக 1939 ஓகஸ்ட் முதலாம் திகதி இலங்கை வங்கி கதவைத் திறந்தது.

இதே காலத்தில் வேறொரு வசூலும் கொழும்பில் நடந்தது. எழுதுவினைஞர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் ஈடில்லாமல் சிறுதொகை கொடுத்த ஆப்கான்காரர்கள், சம்பள நாளில் வேலைத்தல வாசலில் நின்றார்கள். பேரேடு கிடையாது, சமமாக உட்கார்ந்து வாசிப்பதும் கிடையாது. கையில் தடி, தெருவில் உரத்த குரல். சக வேலைக்காரர் முன்னால் மானம் போகும் என்ற பயம்தான் அவர்களுடைய ஈடு. கொம்பனிகளுக்காகக் கடன் வசூலிக்கும் இன்றைய ரிக்கவரி ஆட்களின் வேர் செட்டியார் பெட்டியடியில் இல்லை, அந்தச் சம்பள வாசலில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. ஒரு வித்தியாசம் உண்டு: ஆப்கான்காரர் தன் பணத்தைக் கொடுத்தவர், எவ்வளவு கொடுத்தோம் என்பது அவருக்குத் தெரியும். இன்று தொலைபேசியில் மிரட்டுகிறவருக்கு அதுகூடத் தெரியாது.

1990 வங்கிகளின் ஆண்டு. அந்த ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டப்படி வங்கி சத்தியக் கடதாசியோடு வழக்குப் போட்டால், நீதிமன்றம் முதலிலேயே நிபந்தனைத் தீர்ப்பைக் கொடுக்கும். கடன்காரர் அனுமதி கேட்டுத்தான் எதிர்த்துப் பேச வேண்டும். 4ஆம் இலக்கச் சட்டம், ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் அதிகாரத்தைக் கொடுத்தது. 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கொடுகடன் தகவல் பணியகம் (கிரிப்) வந்தது. “கிரிப்பில பேர் விழுந்திடும்” என்று எல்லாரும் பயப்படுவது அதற்குத்தான்.

வெள்ளவத்தையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, தையல்வேலை செய்கிறவள். தம்பியின் முச்சக்கரவண்டி லீசிங்குக்குப் பிணை நின்றாள். தவணை தவறியதும் வண்டியைத் தூக்கிப்போனார்கள், ஏலத்தில் விற்றதாகச் சொன்னார்கள். வெகுநாள் கழித்து அறவீட்டு முகவர் நிறுவனம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. ஒரே ஒரு தொகை, அதன் கீழே “சட்டச் செலவுகள் உட்பட” என்ற வரி. ஒப்பந்த இலக்கம் இல்லை, வண்டி என்ன விலைக்குப் போனது என்று இல்லை, எந்தத் தேதிவரை வட்டி என்றும் இல்லை. தையல் மெசினுக்குப் பக்கத்தில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் நான் இருக்கும்போதே எடுத்தாள்.

“கணக்கை அனுப்புங்கோ எண்டு கேட்டனான், இன்னும் வரேல்லையே.”

“மேடம், அது கொம்பனியில கேளுங்க. இன்டைக்கு ஒரு ஐயாயிரமாவது போடுங்க, நான் பைலை நிப்பாட்டி வைக்கிறன்.”

கொம்பனியில் கேட்டால், பைல் முகவரிடம் போய்விட்டது என்றார்கள். “மாமா, ஐயாயிரத்தைக் கட்டித் துலைச்சிட்டா நிம்மதி” என்றாள். கட்டாதே என்றேன்.

காரணம் 1871இல் இருக்கிறது. அந்த ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு, எழுத்தில்லாததற்கு மூன்று, கடைப்பற்றுக்கு ஒன்று. நடுவில் சிறுதொகை கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ காலம் புதிதாக ஓடத் தொடங்கும். நிம்மதிக்காகக் கட்டும் ஐயாயிரம், கணக்கே காட்டாத ஒரு தொகையை ஏற்றுக்கொண்டதற்குச் சாட்சியாகவும் வந்து நிற்கும்.

நாங்கள் கொம்பனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினோம், பிரதி முகவருக்கு. கடனை ஒப்புக்கொள்ளும் சொல் ஒன்றும் வராமல் பார்த்துக்கொண்டோம். கேட்டவை: ஒப்பந்தப் பிரதி, கட்டிய தவணைகளின் பட்டியல், ஏல விலை, அது வரவு வைக்கப்பட்ட தேதி, சட்டச் செலவுக்கான பற்றுச்சீட்டு. பதில் வராமல் போகவே, தபால் துண்டையும் சேர்த்து மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு போட்டோம். 2023 ஓகஸ்ட்டில் மத்திய வங்கி நிதியியல் நுகர்வோர் பாதுகாப்புக்கென்றே ஒழுங்குவிதிகள் வெளியிட்டது பலருக்குத் தெரியாது. பிறகுதான் கொம்பனி கணக்குக் கூற்றை அனுப்பியது. அப்பாவின் பழக்கப்படி அவள் வாசிக்க, நான் விரல் வைத்து வந்தேன். வண்டி விற்ற பணம் எந்த வரியிலும் வரவு வைக்கப்பட்டிருக்கவில்லை. அதைக் கேட்டு எழுதியிருக்கிறோம். அன்றிலிருந்து போன் வரவில்லை, பதிலும் வரவில்லை.

வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எவ்வளவு என்பதைக் கேட்கிறவர்தான் காட்ட வேண்டும். உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் தொலைபேசியில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். கொடுகடன் தகவல் பணியகத்தில் உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம், வாங்கிப் பாருங்கள். பதிவுத் தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள். கணக்கு கைக்கு வந்து, வரிவரியாக வாசித்து ஒத்துவரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.