போல்ட்டுக்கு நட்டு பொருந்திய கதை

பழைய சைக்கிளையோ மின்விசிறியையோ பிரித்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியானால், கழற்றிய போல்ட்டு நட்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்தும் வைத்திருப்பீர்கள். ஒரு நாள் அவசரத்துக்கு அதைக் கொட்டி, ஒரு போல்ட்டையும் ஒரு நட்டையும் பொறுக்கி எடுக்கிறீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே பருமன். விரலால் திருகினால் இரண்டு சுற்றுப் போகிறது. பிறகு இறுகி நின்றுவிடுகிறது. விடாமல் ஸ்பானரைப் போட்டுத் திருப்புகிறீர்கள். மரை போய்விடுகிறது. போல்ட்டும் பாழ், நட்டும் பாழ்.

ஏன் இப்படி? விடை தெரிய வேண்டுமானால் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட கதை ஒன்றைக் கேட்க வேண்டும்.

முதலில் மரையைப் பற்றிச் சில சொற்கள். போல்ட்டின் மேல் சுற்றிச் சுற்றி ஏறும் வரம்பைத்தான் பட்டறையில் மரை என்பார்கள். பாடநூலில் அது புரி. நட்டும் போல்ட்டும் பொருந்த மூன்று அளவுகள் ஒத்துப்போக வேண்டும்: விட்டம், ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைத்தூரம், புரியின் இரு சரிவுகளுக்கு இடையிலுள்ள கோணம். நம் கண் விட்டத்தை மட்டும்தான் பார்க்கிறது. மற்ற இரண்டும் அதை ஏமாற்றிவிடுகின்றன.

ஒன்றுக்கு ஒன்றே துணை

பதினெட்டாம் நூற்றாண்டின் பட்டறைகளில் பெரும்பாலான மரைகள் கைத்திறனால் வெட்டப்பட்டவை. ஒரு போல்ட்டுக்கென்று செய்த நட்டு அந்தப் போல்ட்டுக்கு மட்டுமே பொருந்தும். எனவே எது எதற்குச் சோடி என்று அடையாளம் குத்தி வைப்பார்கள். ஓர் எந்திரத்தைப் பிரித்தபின் நட்டுகள் கலந்துவிட்டால் திரும்பப் பூட்டுவது பெரும்பாடு. ஒரு நட்டு தொலைந்தால் புதிதாக ஒன்று செய்தே தீர வேண்டும்.

இந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி மாட்ஸ்லே. 1771-இல் இங்கிலாந்தின் வுல்விச்சில் பிறந்த இவர், பூட்டுக்குப் பெயர்போன ஜோசப் பிராமாவிடம் வேலை பார்த்தார். கேட்ட கூலி உயர்வு கிடைக்காததால் 1797-இல் விலகி, லண்டனில் தனிப் பட்டறை வைத்தார். 1800-ஐ ஒட்டி அவர் உருவாக்கிய கடைசல் எந்திரம், அதாவது லேத், மரை வெட்டும் வேலையை மனிதக் கையிலிருந்து எந்திரத்துக்கு மாற்றியது.

அது வேலை செய்யும் விதம் எளிது. வெட்டவேண்டிய தண்டு சுழல்கிறது. பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைப் பக்கத்திலுள்ள நீண்ட திருகு ஒன்றுக்குக் கடத்துகின்றன. அந்தத் திருகு வெட்டுளியைத் தண்டின் வழியே சீராக நகர்த்துகிறது. தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது உளி எவ்வளவு நகர்கிறதோ, அதுவே புரியிடைத் தூரம். பற்சக்கரங்களை மாற்றினால் இடைத்தூரமும் மாறும். கை நடுங்கினாலும் மரை நடுங்காது!

விட்வொர்த்தின் சராசரி

ஒரு பட்டறைக்குள் ஒழுங்கு வந்தது. ஆனால் அடுத்த தெருப் பட்டறையில் வேறு அளவு. இதற்கு வழி கண்டவர், மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த். நாட்டின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அவற்றின் அளவுகளைக் கொண்டு ஒரு சராசரி கண்டார். எல்லாரும் தம் பழக்கத்தைச் சிறிதளவு விட்டுக்கொடுத்தால் போதும். யாரும் முழுவதையும் விட வேண்டாம் என்பதே இதன் நுட்பம். 1841-இல் அவர் வெளியிட்ட திட்டத்தில் புரியின் கோணம் 55 பாகை. அரை அங்குலப் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 புரிகள். பிரிட்டனின் பட்டறைகளும் இரயில்வேக்களும் படிப்படியாக இதை ஏற்றன.

அமெரிக்காவோ வேறு வழியில் சென்றது. 55 பாகைக் கோணத்தையும் உருண்டையான முகட்டையும் துல்லியமாக வெட்டுவது கடினம் என்று கருதினார் பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ். 1864-இல் அவர் முன்வைத்த மரைக்குக் கோணம் 60 பாகை, முகடு தட்டை. சமபக்க முக்கோணத்தின் கோணம் அல்லவா? சாதாரணப் பட்டறையிலும் சரிபார்த்துவிடலாம். அதில் அரை அங்குலப் போல்ட்டுக்கு 13 புரிகள். கடலின் இக்கரைக்கு 12, அக்கரைக்கு 13!

பொருந்தாத மரையின் விலை

இது வெறும் பட்டறைத் தொல்லை என்று எண்ண வேண்டாம். 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெருந்தீ பிடித்தது. வாஷிங்டன் உள்ளிட்ட வேறு நகரங்களிலிருந்து தீயணைப்புப் படைகள் விரைந்து வந்தன. ஆனால் வெளியூர்க் குழாய்கள் பலவற்றின் இணைப்பு மரை, பால்டிமோரின் தெருக் குழாய்வாய்களோடு சேரவில்லை. தண்ணீரும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். இரண்டையும் சேர்க்கும் மரைதான் இல்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதற்குப் பின்னரே தீயணைப்புக் குழாய்களுக்குத் தேசிய அளவில் ஒரு பொது மரை வகுக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் இந்தப் பாடம் மீண்டும் வந்தது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் செய்ய ஒப்புக்கொண்ட பாக்கார்டு நிறுவனம், பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொள்ள நேர்ந்தது. போர் முடிந்தபின், 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 பாகையில் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன. மில்லிமீட்டர் அளவைப் பின்பற்றும் மரைகளுக்கும் இன்று பன்னாட்டுத் தர அளவு உண்டு. அவற்றின் கோணமும் 60 பாகையே. ஆனால் விட்வொர்த் மறைந்துவிடவில்லை. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களின் மரையில் அவருடைய 55 பாகை இன்றும் வாழ்கிறது.

இனி உங்கள் டப்பாவுக்கு வருவோம்

சிக்கிக்கொண்ட அந்தப் போல்ட்டு, 'எம் 8' எனப்படும் 8 மி.மீ. வகையாக இருக்கலாம், நட்டு, விட்வொர்த்தின் 5/16 அங்குல வகையாக இருக்கலாம். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. விட்டத்தில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் புரியிடைத் தூரம் முதலாவதில் 1.25 மி.மீ., இரண்டாவதில் சுமார் 1.41 மி.மீ. சுற்றுக்குச் சுற்று இந்த வேறுபாடு கூடிக்கொண்டே போய், மூன்றாம் சுற்றுக்குள் மரை சிக்கிவிடுகிறது.

கண்டுபிடிப்பது எப்படி? மூன்று வழிகளைக் கைப்பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

முதலாவது, போல்ட்டின் மேல் அளவுகோலை வைத்துப் பத்து புரியிடைகளின் நீளத்தை அளந்து, பத்தால் வகுங்கள். முன்சொன்ன இரண்டுக்கும் 12.5 மி.மீ., 14.1 மி.மீ. என்று வேறுபாடு பளிச்செனத் தெரியும்.

இரண்டாவது, வகை தெரிந்த போல்ட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையே வெளிச்சம் கசிந்தால் இரண்டும் வேறு வகை.

மூன்றாவது, பூட்டும்போது முதலில் நட்டைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். இரு மரைகளின் முனைகளும் சந்திக்கும் இடத்தில் நட்டு 'டக்'கென்று சற்றே இறங்கும். அங்கிருந்து முன்பக்கம் திருகினால் மரை கோணலாக ஏறாது. விரலால் நாலைந்து சுற்றுப் போனபிறகே ஸ்பானரைத் தொடுங்கள்.

கழற்றிய நட்டை அதன் போல்ட்டிலேயே மாட்டி வைப்பதும் நல்லது. மாட்ஸ்லேக்கு முந்திய தொழிலாளர்கள் வேறு வழியின்றிச் செய்ததை நீங்கள் விரும்பியே செய்யலாம்.

விரலால் திருகும்போது நட்டு மறுத்தால், அதை வலிமையால் வெல்ல முயலாதீர்கள். அது வேறோர் உடன்படிக்கையைச் சேர்ந்தது என்று உங்களுக்குச் சொல்கிறது. நிறுத்தி, அளந்து பாருங்கள்.