கண்ணில் படாத பிள்ளைகள்

நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு குழந்தையைப் பற்றிப் பேச இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று ‘மெல்லக் கற்கும் மாணவர்’. இன்னொன்று ‘மீத்திறன் மிக்க மாணவர்’. முதல் சொல்லுக்குப் பட்டியல் உண்டு, பதிவேடு உண்டு, பார்வையிட வரும் அலுவலர் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் உண்டு. இரண்டாவது சொல் பெரும்பாலும் பயிற்சிக் கையேட்டோடு நின்றுவிடுகிறது. சேரிப் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் ஈராசிரியர் பள்ளி என்றால் அந்தச் சொல்லை யாரும் வாயெடுத்துச் சொல்வதுகூட இல்லை. “இதுங்க பேரெழுதக் கத்துக்கிட்டாலே பெரிய விஷயம் சார்” என்ற பேச்சைக் களப்பணியில் இருக்கும் நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள்.

இந்த இரண்டு சொற்களுக்கும் பின்னால் நூறாண்டைத் தாண்டிய வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவில், கறுப்பினக் குழந்தைகளின் முதுகின் மேல் நடந்தது. ‘திறமை’, ‘தகுதி’ என்ற சொற்களால் நாம் தினமும் அடிபடுகிறோம். அந்தச் சொற்களை அளக்கும் கோலை யார் செய்தார்கள், யார் கையில் அது எப்படி மாறியது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொடக்கம் பாரிசில். பிரான்சில் தொடக்கக் கல்வி கட்டாயமான பிறகு, வகுப்போடு சேர்ந்து நடக்க முடியாத பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி எழுந்தது. ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு அதை விட்டுவிடக் கூடாது என்பதற்காக ஆல்ஃபிரட் பினே என்ற உளவியலாளர், சிமோன் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1905இல் ஒரு சோதனையை உருவாக்கினார். யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறிவதுதான் அதன் நோக்கம். அறிவு என்பது பிறப்பிலேயே முடிவாகிவிட்ட அளவு என்று பேசியவர்களைப் பினே கடுமையாகக் கண்டித்தார். பயிற்சியால் அது வளரும் என்றார். 1911இல் இறந்துபோனார்.

அவர் கருவி கடலைத் தாண்டியதும் வேறு பொருளாகிவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916இல் அதைத் திருத்தி வெளியிட்டார். ஐ.க்யூ. என்று நாம் சொல்லும் எண் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லானது இதன் வழியாகத்தான். அந்த நூலிலேயே டெர்மன், செவ்விந்தியர், மெக்சிகர், கறுப்பினத்தவர் குழந்தைகளிடம் தான் கண்ட மந்தத்தன்மை இனத்தோடு வருவது என்றும், அவர்களைத் தனி வகுப்பில் வைக்க வேண்டும் என்றும் எழுதினார். அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தது 1913 முதல் 1916 வரை. பள்ளியில் கோணியில் தனியே உட்கார வைக்கப்பட்ட ஒருவர் கொலம்பியாவில் சாதியைப் பற்றிக் கட்டுரை படித்த அதே ஆண்டுகளில், அதே நாட்டின் மறுகோடியில், பிறப்பை அறிவோடு முடிச்சுப் போடும் வேலை அறிவியலின் பெயரால் நடந்துகொண்டிருந்தது.

1921இல் டெர்மன் கலிஃபோர்னியாவில் மேதைக் குழந்தைகளைத் தேடும் பெரிய ஆய்வைத் தொடங்கினார். ஏறத்தாழ 1500 பேர் தேர்வானார்கள். எப்படித் தேடினார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளையும் அவர் சோதிக்கவில்லை. உங்கள் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் யார் என்று ஆசிரியர்களிடம் கேட்டார். வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளை யார் என்றும் கேட்டார். அந்தப் பெயர்களுக்குத்தான் முதலில் சோதனை. ஆசிரியர் கண்ணில் படாத பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டது. தேர்வானவர்களில் கறுப்பினக் குழந்தைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சிறுவயதில் சோதிக்கப்பட்டு, மதிப்பெண் போதாமல் விலக்கப்பட்டவர்களில் ஒருவர் வில்லியம் ஷாக்லி. பின்னாளில் டிரான்சிஸ்டருக்காக 1956இல் நோபல் பரிசு வாங்கியவர். சல்லடையில் விழுந்துபோன இந்த மனிதர்தான் வயதான காலத்தில், கறுப்பினத்தவர் மரபணுவிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று மேடை மேடையாகப் பேசித் திரிந்தார். சிரிக்கத்தான் தோன்றுகிறது.

எதிர்க்குரல் கறுப்பினத்தவரிடமிருந்தே வந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு நடத்திய அறிவுச் சோதனையின் முடிவுகளை வைத்து வெள்ளையரே மேல் என்று புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் பேரனான ஹொரேஸ் மான் பாண்ட் 1924இல் அதே எண்களை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட முழுதாக நிரம்பவில்லை. பள்ளிகள் நன்றாக இருந்த வடக்கு மாநிலங்கள் சிலவற்றின் கறுப்பினச் சிப்பாய்கள், தெற்கு மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளைச் சிப்பாய்களைவிட அதிக மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். சோதனை அளந்தது இனத்தை அல்ல, பள்ளிக்கூடத்தை. 1927இல் அவர் டு பாய்ஸ் நடத்திய ‘க்ரைசிஸ்’ இதழில் இன்னொரு கட்டுரை எழுதினார். இந்த முறை கறுப்பினக் குழந்தைகளை அவரே சோதித்திருந்தார். அவர்களில் கணிசமானவர்கள் மேதை என்று சொல்லப்படும் அளவை எட்டியிருந்தார்கள். சோதிக்க வரும் வெள்ளையரிடம் குழந்தை மனம் திறப்பதில்லை, அந்த நெருக்கம் இல்லாமல் வாங்கிய மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை என்பது அவர் வாதம். நம் ஊரில் பேன்ட் சட்டையோடு வந்து நிற்கும் அதிகாரி முன்னால் வாயே திறக்காத குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் ஈர்த்தவர் மார்ட்டின் ஜென்கின்ஸ். பாண்டைப் போல அவரும் 1904இல் பிறந்த கறுப்பினத்தவர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு: அறிவில் சிறந்த கறுப்பினக் குழந்தைகள். அந்தக் காலத்தில் அது பலருக்கு முரண்பட்ட சொற்றொடராகப் பட்டிருக்கும். களம் சிகாகோ நகரின் அரசுப் பள்ளிகள். தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி ரயிலேறி வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த நகரம் அது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, ஏழு பள்ளிகளில், ஏறத்தாழ எட்டாயிரம் கறுப்பினக் குழந்தைகளிடையே அவர் தேடினார். ஐ.க்யூ. 120க்கு மேல் உள்ள 103 குழந்தைகளை விரிவாக ஆராய்ந்தார். அவர்களில் சிலர் 140ஐத் தாண்டியிருந்தார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வாங்கியது 200. ஜென்கின்ஸும் அவர் ஆசிரியர் பால் விட்டியும் 1935இல் அவளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்கள். பெயரை வெளியிடாமல் ‘பி’ என்ற ஓர் எழுத்தால் மட்டும் குறித்தார்கள்.

கெட்டிக்காரக் கறுப்பினத்தவர் இருந்தால் அவர் உடம்பில் வெள்ளை ரத்தம் கலந்திருக்கும் என்று அப்போது தயங்காமல் சொன்னார்கள். ஜென்கின்ஸ் அதையும் விட்டுவைக்கவில்லை. குழந்தைகளின் குடும்ப வழியை விசாரித்து, வெள்ளை மூதாதையர் கலப்புக்கும் அறிவுக்கும் தொடர்பே இல்லை என்று 1936இல் விட்டியோடு சேர்ந்து காட்டினார். “உன்னைப் பார்த்தா அந்த ஆளுங்க மாதிரியே தெரியலையே” என்ற பாராட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்ற நம் மாணவர்களுக்கு இந்த ஆய்வு எழுதப்பட்டதாகவே நான் நினைப்பதுண்டு. 1948இல் ஜென்கின்ஸ் மார்கன் அரசுக் கல்லூரியின் தலைவரானார். 1970 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஐ.க்யூ. என்ற எண்ணின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஜென்கின்ஸ் பிடித்ததும் டெர்மனின் கோல்தான். ஆனால் எதிராளியின் படியை வாங்கி எதிராளியின் கண்முன்னாலேயே அளந்து காட்டுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அதே சமயம் அவர் ஆய்விலும் ஓர் ஓட்டை இருந்தது. அவரும் ஆசிரியர்கள் சொன்ன பெயர்களிலிருந்துதான் தொடங்கினார். சொல்லப்படாத பெயர்களில் இன்னும் எத்தனை ‘பி’க்கள் இருந்தார்களோ!

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பது தெரிய இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின. ஃபுளோரிடா மாநிலத்தின் ப்ரவார்டு, அமெரிக்காவின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களில் ஒன்று. கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களும் அங்கே மாணவர்களில் பாதிக்கு மேல். மீத்திறன் திட்டத்திலோ அவர்கள் கால்பங்கைச் சற்றே தாண்டினார்கள். ஏழைக் குழந்தைகளுக்கும் ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத குழந்தைகளுக்கும் தகுதி மதிப்பெண் 130இலிருந்து 116ஆக முன்பே குறைக்கப்பட்டிருந்தது. சலுகை காகிதத்தில் இருந்தது. ஆனால் சோதனைக்கு அனுப்ப ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைக்க வேண்டும். வசதியுள்ள பெற்றோர் தனியார் உளவியலாளருக்குப் பணம் கட்டிப் பிள்ளையைச் சோதித்துச் சான்றிதழோடு வந்தார்கள். கூலிக்குப் போகும் தாய்க்கு இப்படியொரு திட்டம் இருப்பதே தெரியாது.

2005இல் ப்ரவார்டு நிர்வாகம் ஒன்றே ஒன்றை மாற்றியது. பரிந்துரைக்குக் காத்திருக்காமல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும் மொழி அறிவு தேவைப்படாத ஒரு சிறு சோதனையை வகுப்பிலேயே வைத்தது. அதில் தேறியவர்களுக்கு மாவட்டத்தின் செலவில் முழுச் சோதனை. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் விளைவை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். மீத்திறன் திட்டத்துக்குத் தேர்வாகும் ஏழைக் குழந்தைகளின் விகிதம் 180 சதவீதம் உயர்ந்தது. இலத்தீன் அமெரிக்க வழியினரில் 130 சதவீதம், கறுப்பினத்தவரில் 80 சதவீதம் உயர்வு. தகுதி மதிப்பெண்ணைத் தளர்த்தவில்லை. குழந்தைகளும் ஒரே இரவில் மாறிவிடவில்லை. அதே வகுப்பில், அதே பெஞ்சில் அவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு பொருளாதார நெருக்கடி வந்தது. நிதியில்லை என்று அனைவருக்குமான சோதனையை நிறுத்தினார்கள். பழைய ஏற்றத்தாழ்வும் பழையபடியே திரும்பி வந்தது.

‘மீத்திறன்’ என்ற கருத்தே பார்ப்பனியம், எல்லோருக்கும் நல்ல பள்ளி என்று மட்டும்தான் நாம் கேட்க வேண்டும் என்று நம் தோழர்கள் சிலர் வாதிடுவார்கள். அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. டெர்மனின் கதையே அதற்குச் சாட்சி. ஆனால் ப்ரவார்டில் இன்னொன்றும் நடந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் மீத்திறன் குழந்தைகளுக்கான தனி வகுப்பில் மீதியிருந்த இடங்களை, அதே பள்ளியில் நன்றாகப் படிக்கும் மற்றப் பிள்ளைகளைக் கொண்டு நிரப்பினார்கள். அப்படிச் சேர்ந்த கறுப்பின, இலத்தீன் அமெரிக்கக் குழந்தைகளின் மதிப்பெண்கள் பெரிய அளவில் ஏறின. சேராமல் வழக்கமான வகுப்பில் இருந்தவர்களுக்கு இழப்பு எதுவும் ஏற்படவில்லை. பிள்ளையை ஊரைவிட்டுப் பிய்த்து எங்கோ ஒரு சிறப்புப் பள்ளிக்குக் கொண்டுபோகாமல், அதே பள்ளிக்குள் செய்த வேலை இது.

இனி நம் பக்கம் வருவோம். அம்பேத்கரின் திறமையை அடையாளம் கண்டு பரோடா மன்னரிடம் கொண்டுசென்றவர் கேலுஸ்கர். அவர் அம்பேத்கர் படித்த பள்ளியின் ஆசிரியரே அல்ல. பம்பாயில் ஒரு பூங்காவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சிறுவனைத் தற்செயலாகப் பார்த்தவர். அந்தத் தற்செயலை அரசின் கடமையாக்க வேண்டும் என்று அம்பேத்கர் வாழ்நாள் முழுக்கப் போராடினார். அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை தொடங்கியது. அது மெட்ரிக் முடித்தவர்களுக்கு. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை வர 2012 ஆனது. படியில் ஒரு படி கீழே இறங்க அறுபத்தெட்டு ஆண்டுகள்.

திறமைக்கான தேர்வுகளும் அப்படித்தான். நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பரவலாக எழுதும் இரண்டை மட்டும் பாருங்கள். தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எட்டாம் வகுப்பில். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்பில். மாவட்டத்துக்கு 100 பேர், ஆண்டுக்கு 1000 ரூபாய். இரண்டுக்கும் ஆசிரியர் சொல்லி, விண்ணப்பம் போட்டுத்தான் பிள்ளை போக முடியும். யாரைச் சொல்வது என்பது அங்கேயும் அவர் கையில்தான் இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. பின்தங்கியவரைத் தூக்கிவிடும் நல்ல நோக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மலரில் இருக்கும் குழந்தை அந்த வகுப்பின் பாடத்தை எட்டிய குழந்தை. அதைத் தாண்டி ஓடுகிறவளுக்கு அங்கே என்ன வைத்திருக்கிறோம்? மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஜூலையிலேயே முடித்துவிட்டு, பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து, பிறகு சலித்துப்போய் ‘வாயாடி’ என்று பேர் வாங்கும் சிறுமிகள் எங்கள் மாலை நேர மையங்களுக்கு வருகிறார்கள். ஆறாம் வகுப்பில் அவர்களில் சிலரைத் தேட வேண்டியிருக்கிறது.

மாலை நேர வகுப்பு நடத்தும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த வாரம் ஒரு நாள் பாடத்தை மூடி வைத்துவிட்டு, படத்தில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது, அடுத்து எந்த வடிவம் வரும் என்று சொல்வது போன்ற எழுத்துத் தேவைப்படாத புதிர்களை வையுங்கள். கை தூக்குகிறவர்களுக்கு மட்டும் வைக்காதீர்கள். மையத்துக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும், முடிந்தால் வராத குழந்தைக்கும் வீட்டுக்கே போய் வையுங்கள். முதலில் நீங்கள் எதிர்பார்க்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பிரித்து, வந்த பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதிர்பாராமல் வந்த பெயர்களை எடுத்துக்கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. இந்தக் குழந்தைகளுக்கு இந்த ஆண்டு கூடுதலாக என்ன புத்தகம், வாரத்தில் எந்த நேரம், யார் பொறுப்பு என்று கேட்டுத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வையுங்கள்.