செஞ்சி மலையும் கடலூர்க் கரையும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதிலால் வளைத்துக் கட்டியது செஞ்சிக் கோட்டை. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இவ்வூர், 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்தது.

கோட்டையின் பாதியை இயற்கையே கட்டிவிட்டது எனலாம். உருண்டு குவிந்த பாறைகளுக்கு நடுவே, இடைவெளி கண்ட இடத்தில் மதிலை எழுப்பினால் போதுமாயிருந்தது. அடிவாரத்தில் கல்யாண மகால், குதிரை லாயம், களஞ்சியம், ஆனைக்குளம். அங்கிருந்து ராஜகிரிப் படிகள் கமலக்கண்ணியம்மன் சந்நிதியைக் கடந்து ஏறுகின்றன. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து ஆழமான வெடிப்பு. அதன்மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் பகைவன் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அப்பால் அரங்கநாதர் கோயிலும் இன்னொரு களஞ்சியமும் ஒரு பீரங்கியும் உள்ளன. அமைதிக் காலத்துக்கு அடிவாரம், ஆபத்துக்கு உச்சி என்பதே ஏற்பாடு. ஜப்பானில் மலைமேல் 430 மீட்டர் உயரத்தில் நிற்கும் பிட்சூ மட்சுயாமா கோட்டையிலும் பிரபு குடியிருந்தது அடிவாரத்தில்தான்.

மலையில் இருந்தவர்களின் கை கடற்கரை வரை நீண்டது. செஞ்சி நாயக்கரான கிருஷ்ணப்பர் சிதம்பரத்தில் கோவிந்தராசர் சந்நிதித் திருப்பணியை முன்னின்று நடத்தியதை 1597இல் பிமெந்தா என்ற ஏசுசபைப் பாதிரியார் நேரில் கண்டார். அதை எதிர்த்துச் சிலர் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டதையும் அவர் கடிதம் சொல்கிறது. பக்தியும் பூசலும் ஒரே கோபுரத்தடியில் நடந்த காலம் அது.

1677இல் பீஜப்பூரிடமிருந்து செஞ்சியைப் பிடித்தவர் சிவாஜி. அவர் மகன் ராஜாராம் 1689இல் இங்கே வந்து சேர்ந்தார். பின்னாலேயே மொகலாயப் படையும் வந்தது. முற்றுகை 1698 வரை இழுத்தது. அந்த நெருக்கடியின் தொடக்கத்தில், 1690இல், கடலூர்த் தேவனாம்பட்டினக் கோட்டையை மராத்தியர் ஆங்கிலேயருக்கு விற்றனர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் விற்பனையில் அடக்கம். நிலத்தை அளக்கச் சங்கிலி தேவைப்படவில்லை. புனித டேவிட் கோட்டை என்று பெயர் மாறிய அவ்விடம் 1746 முதல் 1752 வரை தென்னாட்டில் ஆங்கிலேயரின் தலைமையிடமாயிற்று. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைக் கைப்பற்றி இடித்தார்.

1714இல் தன்னை ஆண்ட ராஜா தேசிங்கைப் போரில் இழந்த செஞ்சியை 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் பிடித்தனர். வெறிச்சோடிய கோட்டையின் கல்தூண்கள் சில புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய், இன்று காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழகத்தைச் சேர்ந்தது செஞ்சி மட்டுமே. தேவனாம்பட்டினத்தில் எஞ்சியிருப்பது இடிபாடுதான். கடலூரை அடுத்த குண்டு உப்பலவாடியின் பெயரில் உள்ள குண்டு, அந்த விற்பனையின்போது எல்லை காணச் சுட்ட குண்டுதான் என்பார்கள்.