இன்னிக்கு யாரோட பாடு? பழவேற்காட்டு ஏரியும் ஒரு போர்டு கேமும்

இந்த எபிசோட்ல ஒரு போர்டு கேமைப் பத்தியும் ஒரு ஏரியைப் பத்தியும் பேசப்போறோம். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. மேஜையில ஆரம்பிச்சு மெதுவா தண்ணிக்கு வரேன், கூடவே வாங்க.

கேம் பேரு 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'. 2008-ல ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் வெளியிட்டது, வடிவமைச்சவர் கோரி கோனியெஸ்கா. 2004-லேருந்து 2009 வரைக்கும் ஓடின அதே பேர்ல உள்ள டிவி தொடர்தான் இதுக்கு அடிப்படை. கதை தெரியாதவங்களுக்கு ரெண்டு வரியில: மனுஷங்க உருவாக்கின சைலான்கள் திரும்பி வந்து மனுஷங்க வாழ்ந்த கிரகங்களை எல்லாம் அழிச்சிடுது. மிஞ்சினது சுமார் 50,000 பேரும் கொஞ்சம் கப்பல்களும்தான். பூமியைத் தேடி ஓடுறாங்க. பிரச்சினை என்னன்னா, சில சைலான்கள் பார்க்க மனுஷங்க மாதிரியே இருக்கும், அதுங்களும் அதே கப்பல்கள்லதான் பயணம் பண்ணுது.

கேம்ல 3 முதல் 6 பேர் ஆடலாம். எரிபொருள், உணவு, மன உறுதி, மக்கள் தொகைன்னு நாலு டயல் இருக்கும். நாலும் எல்லாருக்கும் பொது. எதாவது ஒண்ணு பூஜ்ஜியத்துக்கு வந்தா மனுஷங்க மொத்தமா தோத்தாங்க. ஆரம்பத்துல ஆளுக்கு ஒரு ரகசிய அட்டை கொடுப்பாங்க, நீங்க மனுஷனா சைலானான்னு அதுல இருக்கும். பாதி ஆட்டத்துல திரும்பவும் ஒரு ரவுண்டு அட்டை வரும். அதுவரை உண்மையா உழைச்சவர், அந்த நிமிஷத்துலேருந்து எதிரியாகலாம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது நெருக்கடி வரும்போது நடக்கிறதுதான். எல்லாரும் கையில இருக்கிற அட்டைகளைக் கவுத்துப் போட்டு பங்களிக்கலாம். கூடவே ஒரு பொதுக் கட்டுலேருந்து ரெண்டு அட்டை சேரும். மொத்தத்தையும் கலைச்சுட்டுத்தான் திறப்பாங்க. சில நிறங்கள் உதவும், சில நிறங்கள் கெடுக்கும். கெட்ட அட்டை ஒண்ணு தலைகாட்டினா மேஜையே வெடிக்கும். நீயா, நானா, இல்ல அந்தப் பொதுக் கட்டுலேருந்து தானா வந்ததா? யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. அந்த ரெண்டு அட்டைதான் இந்தக் கேமோட மூளைன்னு நான் நினைக்கிறேன். துரோகிக்கு ஒளிஞ்சுக்க இடம் கொடுக்கிறதே அதுதான்.

அதே 2008-லதான் மேட் லீகாக்கோட 'பேண்டமிக்'கும் வந்தது. அதுல துரோகி கிடையாது, எல்லாரும் ஒரே அணி. கூட்டா ஆடுற போர்டு கேம்கள் பரவலானது அதுக்கப்புறம்தான். ஆனா அதுங்களுக்கு அடியில இருக்கிற கேள்வி ரொம்பப் பழசு: ஒரு பொதுச் சொத்து, பல கைகள், யார் எவ்வளவு எடுக்கிறது?

1968-ல கேரட் ஹார்டின்னு ஒரு சூழலியலாளர் 'சயின்ஸ்' இதழ்ல இதுக்கு ஒரு பதில் எழுதினார். பொது மேய்ச்சல் நிலம் இருந்தா ஒவ்வொருத்தரும் இன்னும் ஒரு மாட்டைச் சேர்ப்பாங்க, கடைசியில புல்லே இருக்காது. அதனால ஒண்ணு அரசாங்கம் கையில எடுக்கணும், இல்ல தனியார் சொத்தாக்கணும். இதை ரொம்ப பேர் விதி மாதிரியே நம்பினாங்க. எலினர் ஆஸ்ட்ரம் நம்பல. உலகம் முழுக்க மீன்பிடி ஊர்கள், மலைக் காடுகள், வாய்க்கால் பாசனம் எல்லாத்தையும் ஒப்பிட்டு 1990-ல ஒரு புத்தகம் எழுதினாங்க. மக்கள் தாங்களே விதி போட்டு, தாங்களே காவல் காத்து, தலைமுறைக் கணக்குல பொதுச் சொத்தைப் பாதுகாத்த உதாரணங்கள் அதுல வரிசையா இருக்கு. 2009-ல பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவங்களுக்குக் கிடைச்சது. அந்தத் துறையில பரிசு வாங்கின முதல் பெண் அவங்கதான்.

அவங்களும் சக ஆய்வாளர்களும் ஆய்வுக்கூடத்துல ஆளுங்களை உட்கார வெச்சு நிஜமாவே கேம் ஆட விட்டிருக்காங்க. பொதுக் குளத்துலேருந்து காசு எடுக்கிற ஆட்டம். ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாதுன்னா குளம் சீக்கிரம் கெட்டுப்போகும். முகம் பார்த்துப் பேச விட்டா, கொடுத்த வாக்கைக் காப்பாத்தணும்னு எந்தக் கட்டாயமும் இல்லாதப்பவும், நிலைமை ரொம்பவே தேறும்.

சரி, இப்போ தண்ணிக்கு வருவோம். சென்னையிலேருந்து வடக்கே பொன்னேரி வழியா போனா பழவேற்காடு. இந்தியாவுல சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல, தெற்கு ஓரம் தமிழ்நாட்டுல. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா ஏரியையும் கடலையும் பிரிச்சுக்கிட்டுப் படுத்திருக்கு. ராக்கெட் விடுற அதே ஸ்ரீஹரிகோட்டாதான். பழவேற்காடுன்னதும் நிறைய பேர் டச்சுக்காரங்க கதைக்குப் போயிடுவாங்க. 1613-ல ஜெல்ட்ரியா கோட்டை, கல்லறைத் தோட்டம், துணி வியாபாரம். அது பெரிய கதைதான், ஆனா இன்னிக்கு நமக்கு வேண்டியது கோட்டைக்குப் பக்கத்துல இருக்கிற தண்ணி.

இறால் கடல்லதான் முட்டை போடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வந்து வளரும். வளர்ந்ததும் திரும்பக் கடலுக்குப் போகும். போற வழியில நீரோட்டத்துக்குக் குறுக்கே கம்பு ஊன்றி வலை கட்டினா, இறால் தானா வந்து விழும். சுத்து வலைன்னு சொல்லுவாங்க. இதுல ஒரு சிக்கல் இருக்கு. படகுல போய் வலை வீசறதுன்னா எங்க வேணா வீசலாம். ஊன்றின வலை நகராது. அப்போ எந்த இடத்துல கட்டுறோம்ங்கிறதுதான் எல்லாம். முகத்துவாரத்துக்குப் பக்கத்துல, ஓட்டம் இழுக்கிற இடத்துல கட்டினவருக்கு அள்ளும். தள்ளிக் கட்டினவர் கூடையைத் தட்டிக்கிட்டு வரணும்.

விதியே இல்லன்னா என்ன நடக்கும்? விடியறதுக்கு முன்னாடி ஓடிப்போய் இடம் பிடிக்கிறது, அடிதடி, வலை அறுப்பு. இல்லன்னா பலசாலி ஒருத்தர் நல்ல இடத்தை நிரந்தரமா எடுத்துக்குவார்.

இதுக்கு அந்த ஊர்க்காரங்க வெச்ச தீர்வுதான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம்னு மூணு ஊர். வலை கட்டுற இடங்களுக்குப் பேர் உண்டு. உரிமை இருக்கிறவங்க பட்டியல் உண்டு. சீட்டுக் குலுக்கி யாருக்கு எப்போ எந்த இடம்னு முறை வகுத்துக்குவாங்க. இன்னிக்கு நல்ல இடத்துல கட்டினவர் அடுத்த முறை வேற இடத்துக்குப் போகணும். இடம் யாருக்கும் சொந்தம் இல்ல, முறைதான் சொந்தம். 1991-ல உணவு வேளாண்மை அமைப்பு, அதாவது ஐ.நா.வோட எஃப்.ஏ.ஓ., செபாஸ்டியன் மேத்யூ எழுதின ஆய்வை வெளியிட்டுச்சு. பழவேற்காட்டுப் பாடு உலக ஆய்வாளர்கள் மேஜைக்குப் போனதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்கு உடனே பொறி தட்டியிருக்கும். இது ரவுண்ட் ராபின். ஒரு ப்ராசஸரை எல்லா வேலைகளும் கொஞ்சம் கொஞ்ச நேரம் பகிர்ந்துக்கிற அதே முறை. சீட்டு ஏன்னா, வரிசையில யார் முதல்னு சண்டை வரக் கூடாது. ஆபரேட்டிங் சிஸ்டம் பரீட்சையில 8 மார்க்குக்கு நாம மனப்பாடம் பண்ணினதை இவங்க வயித்துப் பாட்டுக்குப் பண்ணியிருக்காங்க.

ஆனா எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது காவல். கேம்ல துரோகி ஏன் தப்பிக்கிறார்? அட்டை கவுந்திருக்கு, கலைஞ்சிருக்கு, யாருக்கு நஷ்டம்னு தனியா தெரியாது. பாடுல தலைகீழ். என் முறையன்னிக்கு வேறொருத்தர் வந்து வலை கட்டினா, அந்த இடத்துல நான் நிக்கிறேன். நஷ்டம் எனக்கு, நேரா என் கண்ணு முன்னாடி. தனியா காவல்காரர் வைக்க வேண்டாம், முறை வந்தவரே காவல்காரர். நாளைக்கு முறை வரப்போறவர் எனக்குத் துணைக்கு வருவார், ஏன்னா இன்னிக்கு எனக்கு நடந்தது நாளைக்கு அவருக்கு நடக்கும். தகராறு முத்தினா ஊர்ப் பஞ்சாயத்து இருக்கு.

துருக்கியில அலன்யாங்கிற ஊர்லயும் கிட்டத்தட்ட இதே முறை உண்டு. 1970-கள்ல அந்த ஊர் மீனவங்க தாங்களா முயற்சி பண்ணிக் கண்டுபிடிச்சது. செப்டம்பர்ல சீட்டு எடுப்பாங்க. ஜனவரி வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஆளுக்கு ஓர் இடம் கிழக்கே நகரணும், அதுக்கப்புறம் மேற்கே. ஆஸ்ட்ரம் அந்த 1990 புத்தகத்துல இதைப் பெருசா எடுத்துப் பேசுறாங்க. இலங்கையில நீர்கொழும்புக் களப்புல கம்பு ஊன்றி வலை கட்டுறவங்களும் சீட்டுப் போட்டு முறை மாத்திக்கிறாங்க, அங்க அரசாங்க விதிகளே அதை ஏத்துக்கிட்டிருக்கு. கொச்சி காயல்லயும் இறால் வலைக்குப் பாடுன்னே பேர். இலங்கைத் தமிழ் மீனவர்கிட்ட கரைவலைப் பாடுன்னு சொன்னா உடனே புரியும்.

இதுவரைக்கும் கேட்டா அழகா இருக்கு, இல்ல? நிறைய கட்டுரைகள் இங்கயே நின்னுடும். பாரம்பரிய ஞானம், கைதட்டல், முடிஞ்சது. எனக்கு அப்படி நிறுத்த மனசு வரல.

ஏன்னா, மேஜையில யாருக்கு நாற்காலின்னு ஒரு கேள்வி இருக்கு. ஆஸ்ட்ரம் சொன்ன கொள்கைகள்ல முதலாவதே அதுதான்: யார் உள்ள, யார் வெளியன்னு எல்லை தெளிவா இருக்கணும். பழவேற்காட்டுல அந்த எல்லை எது? பட்டினவர் சமூகத்துல பொறந்த ஆண், பாடு உள்ள ஊர்க்காரர். அதே ஏரியில வேற சாதிக்காரங்களும் மீன் பிடிக்கிறாங்க. இருளர்கள் இருக்காங்க, பெண்களும் ஆண்களும் சேத்துல இறங்கி, பறியைப் பல்லுல கவ்விக்கிட்டு, கையால தடவியே இறால் பிடிப்பாங்க. அவங்க யார் பேரும் அந்தச் சீட்டுல இல்ல.

இறாலுக்குப் பெருசா விலை இல்லாத காலத்துல இது அவ்வளவா உறுத்தியிருக்காது. ஏற்றுமதிச் சந்தை வந்ததும் எல்லாம் மாறுச்சு. இறால் டாலரா ஆச்சு. மீன்பிடி பரம்பரைத் தொழிலா இல்லாதவங்களும் ஏரிக்கு வந்தாங்க. எங்களுக்கு மட்டும் ஏன் முறை இல்லன்னு கேட்டாங்க. சண்டை வந்தது. ரெண்டு பக்கமும் நியாயம் பேசினாங்க. ஆளு கூடினா ஆளுக்கு வர்ற முறை குறையும், இது கணக்கு. பொறப்பை வெச்சு ஆளை நிறுத்துறது, அது சாதி. முதல் காரணத்தைச் சொல்லி ரெண்டாவதை மறைக்க முடியாதுன்னுதான் நான் நினைக்கிறேன். அதுக்காகப் பாடு மொத்தமா மோசம்னும் சொல்ல மாட்டேன். எல்லையே இல்லாம திறந்துவிட்டா மறுபடி விடியக்காலை ஓட்டப் பந்தயம்தான்.

இன்னொரு பக்கம், டயல் இறங்கிக்கிட்டே இருக்கு. முகத்துவாரத்தை மணல் அடைக்குது. அடைஞ்சா குஞ்சு இறால் உள்ள வராது, ஏரித் தண்ணியோட உப்புத்தன்மையும் மாறும். ஆரணி ஆறும் காலங்கியும் கொண்டுவர்ற வண்டல், தெற்கே எண்ணூர் பக்கம் வந்த துறைமுகங்களும் அனல் மின்நிலையங்களும்னு மீனவங்க வரிசையா சொல்லுவாங்க. இதுல ஒண்ணுகூட அந்த மூணு ஊர்ப் பஞ்சாயத்தோட கையில இல்ல. பாடு இருக்கிறதைப் பிரிச்சுக் கொடுக்கும், புதுசா இறாலை உண்டாக்காது. கேம்ல டயலைக் குறைக்கிற துரோகியும் அதே மேஜையிலதான் உட்கார்ந்திருப்பார். இங்க டயலைத் திருப்புற கை மேஜைக்கு வெளியே இருக்கு.

சாரா கூல்ட்ஹார்ட்னு ஓர் ஆய்வாளர் 2008-ல பழவேற்காட்டைப் பத்தி எழுதினதுல ஒரு விஷயம் என்னை யோசிக்க வெச்சது. பாடு உள்ளவங்களுக்கு அது பாதுகாப்பு மட்டும் இல்ல, கௌரவமும்கூட. அதனாலயே ஏரி கெட்டுப்போகும்போது அதை விட்டு நகர்றது அவங்களுக்குக் கஷ்டமா இருக்கு. பாடு இல்லாதவங்க வேற வழி தேடிப் பழகிட்டாங்க, ஆனா அவங்ககிட்ட அந்தப் பாதுகாப்பு எப்பவுமே இருந்ததில்ல.

இப்போ முகத்துவாரத்துல கல் சுவர் எழுப்பி, அதை நிரந்தரமா திறந்து வைக்கிற அரசுத் திட்டம் வந்திருக்கு. ஊர்க்காரங்க வருஷக்கணக்கா கேட்டது. அது வேலை செஞ்சு இறால் திரும்பி வந்தா, அடுத்த சீட்டுக் குலுக்கல்ல பட்டியல் பழைய பட்டியலாவே இருக்குமா, இல்ல தடவிப் பிடிக்கிற கைகளுக்கும் அதுல ஒரு முறை இருக்குமா?